வாசலிலிருந்து கொல்லை வரை: ஆங்கிலத்தில் நம் வீட்டைச் சொல்லுதல்



பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும் என்பதே இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவியவர்கள் வைத்த ஒரே நிபந்தனை. நான் மிகச் சிறிய பாடம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ‘மை ஹவுஸ்’ என்று தலைப்புக் கொடுத்துப் பத்து வரி எழுதச் சொல்கிறோமே, அந்தப் பாடம். நம் பிள்ளைகள் இதைச் சின்ன வகுப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். பிறகு படித்து முடித்து, வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் போய் உட்கார்ந்தால், முதல் சில நிமிடங்களிலேயே குடியிருக்கும் வீட்டைப் பற்றிக் கேட்பது அங்கே வழக்கம். இடையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடியிருக்கும். பதில் மட்டும் பெரும்பாலும் அந்தப் பத்து வரியாகவே நிற்கும். அது ஏன் வளரவில்லை என்பதுதான் என் கேள்வி.

எனக்குத் தோன்றும் விடையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வீட்டைச் சொல்வதற்கு நாம் இரண்டு பட்டியல்களைக் கையில் கொடுக்கிறோம். ஒன்று அறைகள், பொருள்களின் பெயர்கள்; மற்றது இணைப்புச் சொற்கள். கேட்பவரை எந்த வழியாக வீட்டுக்குள் கூட்டிப்போவது என்பதைச் சொல்லித்தருவதே இல்லை. வழி பிடிபட்டுவிட்டால், எந்த இடத்தில் எந்த இணைப்பு வேண்டும் என்று வீடே கேட்கும்.

1975-ஆம் ஆண்டு ஷார்லட் லிண்டே, வில்லியம் லபோவ் என்ற இருவர் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நியூயார்க்கில் குடியிருப்பவர்களிடம் அவரவர் வீட்டின் அமைப்பைச் சொல்லச் சொல்லி, வந்த விடைகளை ஆராய்ந்த கட்டுரை அது. விடைகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. மேலே நின்று வரைபடம் பார்ப்பதுபோல ‘சமையலறைக்குப் பக்கத்தில் பெண்களின் அறை’ என்று சொல்வது ஒரு வகை. ‘வலப்பக்கம் திரும்பினால் முன்னறைக்கு வருவீர்கள்’ என்று கேட்பவரைக் கையைப் பிடித்து நடத்திப்போவது இன்னொரு வகை. வரைபட வகை வெறும் 3 விழுக்காடு. மற்ற எல்லோரும் நடத்திப்போனார்கள். யாரும் அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த நடையில் சில ஒழுங்குகளும் தெரிந்தன. பேச்சு வீட்டு வாசலில் தொடங்குகிறது. தன்னைத் தாண்டி வேறு இடத்துக்கு வழி இல்லாத ஓர் அறை என்றால், உள்ளே நுழையாமல் அந்த அறை வாசலிலிருந்தே காட்டிவிட்டு மேலே போகிறார்கள். ஒரு பக்கத்துக் கடைசி அறை வரை போய்விட்டால், வந்த வழியே திரும்பி நடந்ததைச் சொல்வதில்லை. பிரிந்த இடத்துக்கு நேராக வந்து மறுபக்கத்தை எடுக்கிறார்கள். கேட்பவருக்கும் குழப்பம் வருவதில்லை.

ஒரே அறை என்றால் கால் நிற்கிறது, கண் நடக்கிறது. நெதர்லாந்தில் மாணவர்களைத் தம் அறையை விவரிக்கச் சொல்லி வெரோனிகா உல்மர்-எரிக் செய்த ஆய்வு 1982-இல் வெளிவந்தது. கதவருகே நின்றபடி சுவரோடு சுவராகப் பார்வையை ஓட்டி, கண்ணில் படும் வரிசையில் பொருள்களைச் சொல்வது அங்கே பொதுவாக இருந்தது. நமக்கு இது முக்கியமான செய்தி. நம் பிள்ளைகளில் பலருடைய வீடே ஓர் அறைதான்.

வீடு ஒரே நேரத்தில் முழுதாக நிற்கிறது. பேச்சோ ஒரு சொல்லுக்குப்பின் ஒரு சொல்லாகத்தான் வர முடியும். ஆகவே எதை முன்னால் சொல்வது என்ற தீர்மானம்தான் விவரிப்பவரின் முதல் வேலை. இணைப்புச் சொல் அந்தத் தீர்மானத்தைப் பின்தொடர்ந்து வருவது.

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். வடசென்னையில் ஒரு சந்துக்குள் ஐந்து குடித்தனம் இருக்கும் லைன் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வரும் ஒரு மாணவியின் நோட்டில் வழக்கமாகக் காணும் வரிகள் இவை: ‘மை ஹவுஸ் இஸ் ஸ்மால். மை ஹவுஸ் ஹேவிங் ஒன் ரூம் அண்ட் ஒன் கிச்சன். டிவி இஸ் தேர். ஃபேன் இஸ் தேர். பீரோ இஸ் தேர்.’ ஆசிரியர் இதைத் திருத்தும்போது ‘ஹேவிங்’ என்பதை ‘ஹேஸ்’ ஆக்குவார். ‘தேர் இஸ்’ என்று தொடங்கச் சொல்லுவார். பிறகு, வாக்கியங்கள் ஒட்டவில்லை, இணைப்புச் சொல் போடு என்பார். மாணவி போடுவாள்: ‘மோர்ஓவர், தேர் இஸ் எ டிவி. ஃபர்தர்மோர், தேர் இஸ் எ ஃபேன். இன் அடிஷன், தேர் இஸ் எ பீரோ.’ இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் இதைப் படித்து அந்த வீட்டுக்குள் யாராலும் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. மோர்ஓவர் என்பது வாதத்தில் ஒரு காரணத்தின் மேல் இன்னொரு காரணத்தை ஏற்றும் சொல். மின்விசிறி டிவிக்கு ஆதரவான வாதம் இல்லையே.

அதே மாணவியிடம், ‘நான் உங்கள் தெருமுனையில் நிற்கிறேன், என்னைக் கூட்டிப்போ’ என்று கேட்டால் என்ன வரும்? முதலில் தமிழில் சொல்லட்டும். பிறகு ஆங்கிலத்தில் இப்படி ஆகும்: ‘யூ கம் டவுன் எ நேரோ பாஸேஜ் தட் ஃபைவ் ஃபேமிலிஸ் ஷேர். அவர்ஸ் இஸ் த தர்ட் டோர் ஆன் த லெஃப்ட். அஸ் யூ ஸ்டெப் இன், தேர் இஸ் எ ஸ்டீல் கப்போர்ட் ஆன் யுவர் ரைட், அண்ட் நெக்ஸ்ட் டு இட் எ ஸ்மால் டிவி. அட் த பேக் தேர் இஸ் எ கர்ட்டன். பிஹைண்ட் இட் இஸ் த கிச்சன், வேர் மை மதர் ஸ்டிச்சஸ் ப்ளவுஸஸ் ஆஃப்டர் த குக்கிங் இஸ் டன்.’

இதில் மோர்ஓவர் வகையைச் சேர்ந்த சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் வரிக்கு வரி பிடிப்பு இருக்கிறது. சந்து வழியையும் ஐந்து குடும்பத்தையும் ‘தட்’ கட்டுகிறது. நுழைவதையும் பார்ப்பதையும் ‘அஸ்’ கட்டுகிறது. பீரோவைத் திரும்பிப் பார்க்க ஓர் ‘இட்’. திரைச்சீலைக்கு இன்னோர் ‘இட்’. சமையலறையில் என்ன நடக்கிறது என்று சொல்ல ‘வேர்’. தையல் எப்போது என்று சொல்ல ‘ஆஃப்டர்’. முதலில் வரும்போது ‘எ கர்ட்டன்’; அடுத்த வரியில் அது கேட்பவருக்குத் தெரிந்த பொருள், ஆகவே ‘இட்’ போதும்.

மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருகையா ஹசனும் 1976-இல் எழுதிய ‘கொஹீஷன் இன் இங்கிலீஷ்’ நூல் இதைத்தான் முறையாக வகுத்துச் சொல்கிறது. ஒரு பனுவலின் வாக்கியங்களை ஒட்டவைப்பவை என்று அவர்கள் ஐந்தைக் காட்டுகிறார்கள்: சுட்டு, பதிலி, விடுபாடு, இணைப்பு, சொற்களுக்கிடையே உள்ள உறவு. நம் பயிற்சிப் புத்தகங்கள் இணைப்புச் சொற்கள் என்று அச்சடித்துக் கொடுப்பது இந்த ஐந்தில் ஒன்றை மட்டும். வீட்டை விவரிக்க மிகக் குறைவாகத் தேவைப்படும் ஒன்றை. சுட்டுதான் அங்கே பாதி வேலையைச் செய்கிறது. ‘இட்’, ‘த’, ‘தேர்’, ‘தட்’ போன்ற சின்னச் சொற்களைப் பிள்ளைகள் ஏற்கெனவே கற்றாயிற்று என்று நினைத்துக் கடந்துபோகிறோம். உண்மையில் அங்கேதான் நிறுத்தி நேரம் செலவழிக்க வேண்டும்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம மதிப்பு. தேர்வை நடத்துபவர்கள் பொதுவில் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்தில், சில இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது 5-ஆம் நிலையின் அடையாளமாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆக, மோர்ஓவரை மனப்பாடம் செய்துகொண்டு போவது மதிப்பெண்ணுக்கும் உதவாது.

தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் எங்கே இடறுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ‘வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற முருங்கை மரம்’ என்கிறோம். வீடு, கிணறு, மரம் என்று நடக்கும் வரிசையிலேயே தமிழ் போகிறது. அதை ஆங்கிலத்தில் ஒரே தொடராக்கினால் ‘த ட்ரம்ஸ்டிக் ட்ரீ பை த வெல் பிஹைண்ட் த ஹவுஸ்’. மரம், கிணறு, வீடு. வரிசை அப்படியே தலைகீழ். பிள்ளை தடுமாறுவது இங்கே. வாய் பழகிய வரிசையில் தொடங்கிவிட்டு நடுவில் மாட்டிக்கொள்கிறது.

இதற்கு ஆங்கிலத்திலேயே ஒரு வழி உண்டு. இடத்தை முன்னால் போடலாம்: ‘பிஹைண்ட் த ஹவுஸ் தேர் இஸ் எ வெல், அண்ட் பை த வெல் எ ட்ரம்ஸ்டிக் ட்ரீ.’ வீடு, கிணறு, மரம். தமிழ் வரிசை திரும்பக் கிடைத்துவிட்டது, ஆங்கிலமும் கெடவில்லை. ஆகவே இடத்தொடரை முன்னிறுத்தும் வாக்கியத்தைத்தான் நம் பிள்ளைகளுக்கு முதலில் பழக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். எல்லா வாக்கியமும் ‘தேர் இஸ்’ என்றே தொடங்க வேண்டும் என்று கண்டிப்பு காட்டுவது, தாய்மொழி கொடுக்கும் ஒரு நல்ல கைப்பிடியைப் பிடுங்கிக்கொள்வதாகும்.

அடுத்தது நம் ‘இல்’ உருபு. சுவரில், பெட்டியில், வாசலில் என்று தமிழுக்கு ஒன்றே போதும். ஆங்கிலத்துக்கு ‘ஆன் த வால்’, ‘இன் த பாக்ஸ்’, ‘அட் த டோர்’ என்று மூன்று வேண்டும். இதை விதியாகச் சொன்னால் ஏறாது. சுவரையே காட்டினால் ஏறும். காலண்டர் சுவரின் மேற்பரப்பில் தொங்குகிறது, அது ‘ஆன்’. ஜன்னல் சுவருக்குள்ளேயே திறந்திருக்கிறது, அது ‘இன்’. விரிசலும் ‘இன்’தான், ஆணி அடித்த ஓட்டையும் ‘இன்’தான். ஒரே சுவரை வைத்து ஒரு வகுப்பு முழுக்க நடத்தலாம். அதேபோல ‘மேல்’: பானையின் மேல் இருக்கும் மூடி ‘ஆன்’, அடுப்புக்கு மேலே, தொடாமல் இருக்கும் அலமாரி ‘அபவ்’.

இன்னொன்று ‘உம்’. தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறார். எண்ணிச் சொல்வது, முழுமை காட்டுவது, எதிர்மறை என்று ஒரே இடைச்சொல் அத்தனை வேலையையும் தாங்குகிறது. ஆங்கிலத்தில் அவை ‘அண்ட்’, ‘ஆல்சோ’, ‘ஆல்’, ‘ஈவன்’, ‘ஐதர்’ என்று சிதறிக் கிடக்கின்றன. ஆகவே நம் பிள்ளை ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ‘ஆல்சோ’ போடுவது சோம்பலால் இல்லை. தமிழில் ஒவ்வொரு பெயரோடும் உம் ஒட்டுகிறது, அந்தப் பழக்கம். ‘அண்ட்’ கடைசிப் பொருளுக்கு முன்னால் ஒருமுறை வந்தால் போதும் என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் திருந்திவிடும்.

‘ஆல்தோ’ கொஞ்சம் கடினம். ‘ஆல்தோ த ஹவுஸ் இஸ் ஸ்மால், பட் இட் இஸ் ஏரி’ என்று இரட்டைப் பூட்டுப் போடுவதை எல்லா வகுப்பிலும் பார்த்திருப்பீர்கள். என் கணிப்பு இது: ‘வீடு சிறியதாக இருந்தாலும்’ என்னும்போது ஆலும் என்பது இரண்டு பகுதியும் கூடும் இடத்தில் நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ வாக்கியத்தின் தலைக்குப் போய்விடுகிறது. கூடும் இடம் வெறுமையாகப் படுகிறது. பிள்ளை அங்கே ஒரு ‘பட்’ கொண்டுவந்து வைக்கிறது. ‘பிகாஸ்’ சொல்லிவிட்டு நடுவில் ‘ஸோ’ வைப்பதும் இதே கதை. பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பதைவிட, கூடும் இடத்தில் வரும் காற்புள்ளியைக் காட்டி, இங்கே ஒன்றும் வேண்டாம் என்று சொல்வது நல்லது.

சொற்களைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. பாடநூல் வீட்டில் நெடுங்காலமாக ட்ராயிங் ரூம் இருக்கிறது, டைனிங் ரூம் இருக்கிறது, முன்னால் புல்தரை இருக்கிறது. தமிழகத்தில் குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கி, அடுக்கடுக்காகக் கட்டிய குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொற்களால் என்ன பயன்? அவள் வீட்டில் இருப்பதைச் சொல்ல அவளுக்குச் சொல் வேண்டும். மாடிப்படி திரும்பும் இடம் ‘லேண்டிங்’. சாமான் போட்டு வைக்கும் பரண் ‘லாஃப்ட்’. ஜன்னலடித் திண்டு ‘சில்’. ஓட்டுக்கூரை ‘டைல்டு ரூஃப்’, கீற்றுக்கூரை ‘தாட்ச்டு ரூஃப்’, தகரம் ‘டின் ஷீட்’. கூரை சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் இறவாணம் ‘ஈவ்ஸ்’. குடித்தனக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே குழாய் என்றால் ‘எ ஷேர்டு டேப்’. இந்த எட்டுச் சொல், பாடநூல் தரும் ஐம்பது சொல்லைவிட அவளை அதிக நேரம் பேச வைக்கும். தன் வீட்டைச் சொல்லச் சொல் கொடுக்காத பாடம், அந்த வீடு சொல்லத் தகுந்ததில்லை என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாத இடங்களை விட்டுவிட வேண்டியதும் இல்லை. திண்ணையைத் திண்ணை என்றே சொல்லிவிட்டு, ‘எ ரெய்ஸ்டு ப்ளாட்ஃபார்ம் பை த ஃப்ரண்ட் டோர், வேர் த நெய்பர்ஸ் சிட் அண்ட் டாக்’ என்று ஒரு தொடரைக் கூட்டினால் போதும். முற்றத்துக்கு ‘ஓப்பன் டு த ஸ்கை’ என்று சேர்க்கலாம். சொல் கிடைக்காத இடத்தில் ‘வேர்’, ‘விச்’ கட்டாயம் தேவைப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் படித்தால் நிற்காத இணைப்பு, திண்ணையை விளக்கும்போது நின்றுவிடுகிறது.

வெளிநாட்டவரிடம் பேசப்போகிறவர்கள் நான்கு சொற்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நம் ‘ஹால்’ இங்கிலாந்தில் வாசலை ஒட்டிய நடை. நாம் சொல்வது அங்கே ‘லிவிங் ரூம்’. நம் ‘காட்’ அங்கே குழந்தைத் தொட்டில்போன்ற கட்டில். நம் ‘பீரோ’ அங்கே எழுதுமேசை. மொட்டை மாடியை ‘டெரஸ்’ என்றால் சிலருக்கு வரிசை வீடுகள் நினைவுக்கு வரும். ‘ஃப்ளாட் ரூஃப்’ என்றால் சிக்கலில்லை. நமக்குள் பேசும்போது ஹாலும் காட்டும் தாராளமாக இருக்கட்டும்.

வகுப்பில் இதை எப்படி நடத்துவது? நம் மண்ணிலேயே முன்னோடி இருக்கிறது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தை ஆங்கிலம் கற்பிக்கும் உலகம் முழுக்க இன்றும் பேசுகிறார்கள். இலக்கணத்தை வரிசைப்படுத்திக் கற்பிக்காமல், அர்த்தமுள்ள பணி ஒன்றைக் கொடுத்து அதைச் செய்து முடிக்க மொழியைப் பயன்படுத்த வைத்தார். 1987-இல் வந்த அவருடைய நூலில் உள்ள பணிகளில் ஒன்று, ஒரு வீட்டின் விவரத்தைக் கேட்டு அதன் தரைப்படத்தை வரைவது.

இதை நம் வகுப்புக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பேர் முதுகோடு முதுகு உட்காரட்டும். ஒருத்தி தன் வீட்டைச் சொல்லட்டும், மற்றவள் கோடு போடட்டும். குழாயைத் தப்பான பக்கத்தில் வரைந்தால், எந்தச் சொல் விடுபட்டது என்று இருவருமே தேடுவார்கள். ‘தேர் இஸ் எ டேப்’ என்று மட்டும் சொன்னவளைத் தோழி கேட்பாள்: எங்கே? உள்ளேயா வெளியேயா? படிக்கு முன்னாலா பின்னாலா? ‘அவுட்சைட்’, ‘ஜஸ்ட் பிஃபோர் த ஸ்டெப்ஸ்’, ‘ஆப்போசிட் அவர் டோர்’ என்று ஒவ்வொன்றாக வரும். தோழி கேட்பதால் வரும். ஆசிரியர் கேட்டதற்காக வந்ததைவிட நாள்பட நிற்கும்.

படம் சரியாக வந்தபிறகு ஒரே ஒரு கேள்வியை மேலும் கேளுங்கள்: ஏன் அப்படி? கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் ஏன்? ‘பிகாஸ் த ரெயின்வாட்டர் கம்ஸ் இன் எவ்ரி நவம்பர்.’ பீரோ ஏன் கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறது? ‘த அதர் வால் காட் டேம்ப் இன் த 2015 ஃப்ளட்ஸ், ஸோ வி மூவ்டு இட்.’ பாட்டி ஏன் கட்டிலில் படுப்பதில்லை? ‘ஈவன் தோ வி ஹேவ் எ பெட், ஷி ப்ரிஃபர்ஸ் த மேட்.’ எந்த வீட்டிலும் பொருள்கள் காரணத்தோடுதான் இருக்கின்றன. காரணம் கேட்டால் பிகாஸ், ஸோ, ஈவன் தோ, அன்டில் எல்லாம் தத்தம் இடத்தில் வந்து உட்காரும். இடத்தைச் சொல்லும்போது தேவைப்படாத இணைப்புகள் எல்லாம் இங்கேதான் உயிர் பெறுகின்றன.

வினாத்தாள் தயாரிப்பவர்கள் இந்த அவையில் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு ‘உன் வீட்டைப் பற்றிப் பத்து வரி எழுது’ என்பதை எடுத்துவிடுங்கள். ‘உன் வீட்டுக்கு இதுவரை வராத தோழி ஒருத்தி தனியாக வரப்போகிறாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து அவளைச் சமையலறை வரை கூட்டிப்போ. உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு பொருள் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்றும் சொல்’ என்று கேளுங்கள். வகுப்புத் தேர்வு என்றால், அதைப் படித்து இன்னொரு மாணவி வரைந்த படத்துக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு வையுங்கள். அந்தப் பங்கு எழுதியவளுக்கே சேரட்டும். அளந்து பார்க்க வேண்டியது அவள் சொன்னது அடுத்தவருக்கு எட்டியதா என்பதைத்தான்.